முழங்காலுக்குக் கீழே

1

இந்தக் கதை நான் சிரித்த ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அதை மறைத்துவிட்டு மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். ‘ஆவடியில் அன்று நல்ல வெயில்’ என்று ஒரு தொடக்கம். வெயிலா முக்கியம்?

போன வருஷம், 1945. ஆவடி ராணுவ முகாமில் நான் குமாஸ்தா. பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் போவேன். ஞாயிறு மாலை சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் படம் போடுவார்கள். முதலில் ஒரு பொம்மைப் படம். நாய் கோழியைத் துரத்தும், வாணலியால் அடிபட்டுத் தட்டையாகும், மறுபடி எழுந்து ஓடும். அந்த வீட்டில் ஒரு கறுப்பு வேலைக்காரி. திரையில் அவளுக்கு முழங்காலுக்கு மேல் எதுவும் கிடையாது. தடித்த கால்களும் ஒரு துடைப்பமும்தான் அவள்.

2

வேம்புலியம்மாள் அந்தக் கூடத்தைப் பெருக்குகிறவள். (வயது நாற்பது என்று எழுதி அடித்தேன். நான் கேட்டதே இல்லை.) கதவோரம் நின்று படம் பார்த்தவள், கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

“சாமி, அந்தப் பொம்பளைக்கி மூஞ்சி இல்லியா?”

“வரையலை.”

“நாய்க்கி கீது. கோழிக்கிக்கூட கீது.”

“அது தமாஷுக்கு, வேம்புலி.”

“இன்னா தமாஷு?”

எனக்கு வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

3

அடுத்த ஞாயிறு முகாமின் கேப்டன் அவளைத் திரைக்கு முன்னால் பெருக்கிக்கொண்டே நடக்கச் சொன்னார். தமிழில் அவளுக்குச் சொன்னது நான். ஒளி அவள் கால்களில் மட்டும் விழும்படி ஒருவன் அட்டை பிடித்தான். நடந்தாள். கூடமே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஒவ்வொரு வாரமும் அது நடந்தது.

(இந்த இடத்தில், கடைசி வரிசையில் ஓர் ஆப்பிரிக்கச் சிப்பாயை உட்காரவைத்திருந்தேன். அவன் சிரிக்காமல் எழுந்து போவான். அப்படி யாரும் அங்கே இல்லை. எனக்காக ஒருவன் வெட்கப்பட வேண்டியிருந்தது. அடித்துவிட்டேன்.)

4

ஐந்தாம் ஞாயிறு, பாதி வழியில் நின்றாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். தரையில் உட்கார்ந்து முகத்தை ஒளிக்குள் கொண்டுவந்து எல்லோரையும் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அப்போது அவள் கண்கள்

[இந்த வாக்கியம் முடியாது. அவள் முகம் எனக்கு நினைவில்லை. நான் கேப்டனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

மறுநாள் அவளை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு வந்தது. தட்டச்சு செய்ததும் நான்தான்.

5

அவளுக்கு வேறு நல்ல வேலை கிடைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். கேப்டன் மன்னிப்புக் கேட்டதாக இன்னொன்று. இரண்டும் என் மனச்சாட்சி தூங்குவதற்காகப் போட்ட பாய்கள்.

நடந்தது இது. சென்ற வாரம் பருத்திப்பட்டில் அவள் குடிசையைத் தேடிப் போனேன். அவள் வெளியே வரவில்லை. உள்ளிருந்தே பேசினாள்.

“உன்னப் பத்தி ஒரு கதை எழுதறேன், வேம்புலி.”

“எழுதினா வேலை திரும்பக் கெடைக்குமா சாமி?”

“கிடைக்காது.”

“அந்தப் படத்த நிறுத்திடுவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப இன்னாத்துக்கு எழுதிக்கினு கீற?”

உள்ளே முறத்தில் கம்பு புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முடிவு வேண்டுகிறவர்கள் முதலில் அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள். பிறகு அதை இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.