முதல் தட்டு

"ஆஸ்பத்திரிக் கஞ்சி குடிச்சு நாக்கே செத்துப்போச்சு" என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அது பேச்சுக்கு. நம் சமையற்காரருக்கு அது நிஜமாகவே நடந்துவிட்டது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கடையோ சின்னச் சாப்பாட்டுக் கடை. வீட்டுச் சாப்பாடு போலவே இருக்கிறது என்றுதான் ஜனங்கள் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் வருவார்கள்? பக்கத்திலேயே நின்று காய் நறுக்கும் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. கைமணத்துக்குப் பேர்போன மனுஷர் அல்லவா, வறட்டுக் கௌரவத்துக்குக் கேட்பானேன்!

கடைசியில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். எதிர்த்த கடைத் தையற்காரர் மதியம் சீக்கிரமே சாப்பிட வந்துவிடுவார். கடை திறக்குமுன் முதல் தட்டு அவருக்குத்தான். சமையற்காரர் அடுக்களை ஜன்னலில் நின்று அவர் முகத்தையே பார்ப்பார். உப்புக் கிண்ணத்துக்குக் கை போனால் உப்புக் குறைவு, தண்ணீருக்குப் போனால் காரம் அதிகம், தலையாட்டினால் கதவைத் திறக்கலாம். இத்தனை மாதத்தில் தையற்காரர் ஒரு நாள்கூடத் தலையாட்டாமல் இருந்ததில்லை. நாக்குப் போனாலும் கைக்கணக்குப் போகவில்லை என்று இவருக்குக் கர்வம் வேறு.

அன்றைக்குப் பெண்டாட்டி, பிள்ளை பெற்றிருந்த தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். தனியாகவே சமைத்து இறக்கினார். தையற்காரர் சாப்பிட்டார், தலையாட்டினார், குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார். கதவு திறந்தது, மேசைகள் நிரம்பின.

முதல் கவளத்தை வாயில் வைத்த பஸ் டிரைவர் அதை அப்படியே தட்டில் துப்பினார்.

"என்னண்ணே இது! கடல் தண்ணியையே ஊத்திட்டீங்களா?"

அடுத்த மேசை டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவ ஓடினார். ஒவ்வொரு தட்டாகத் தள்ளி வைத்தார்கள். சமையற்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மூலையில் தையற்காரர் மட்டும் அதே குழம்பைச் சோற்றில் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு உப்புக் கரிக்கலையா?" என்று கேட்டார் சமையற்காரர்.

தையற்காரர் கையை உதறினார். முகம் வெளிறிப்போனது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்துச்சே. அதுலேர்ந்து எனக்கு ருசியே தெரியாது. நீங்க ஜன்னல்ல நின்னு ஆசையா பாப்பீங்க. உங்க மனசு நோகக் கூடாதேன்னு தலையாட்டுவேன்."

சமையற்காரருக்குத் தலை சுற்றியது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டியிருக்கிறான்! அப்படியானால் இத்தனை நாளும் சாப்பாடு எப்படிச் சரியாக இருந்தது? கல்லாவில் இருந்த போனை எடுத்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"குழம்பு உப்பாப் போச்சு. யாராலயும் வாயில வைக்க முடியல."

"அய்யய்யோ, அதுக்குத்தான் இன்னிக்குக் கடைய மூடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! கேட்டீங்களா?" என்றாள். "தினமும் நீங்க ஜன்னலுக்குப் போனதும் நான்தான் ருசி பாப்பேன். உப்பு கூட இருந்தா வெந்நீர் ஊத்துவேன், குறைஞ்சா கொஞ்சம் போடுவேன்."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"காய்ச்சல் விட்ட மறுநாளே. சந்தேகமா இருந்துச்சு, காபில சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுக் கொடுத்தேன். பிரமாதம்னு சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டீங்க." அவள் குரல் கம்மியது. "அந்த டம்ளரைக் கழுவிக்கிட்டே அழுதேன். இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் என்ன ஊராருக்கா சொல்லப் போறேன்?"

கடை முழுக்கத் தன்னையே பார்ப்பது தெரிந்தும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு ருசி தெரியலம்மா," என்றார். "எதுவுமே தெரியல."