பின்கதவுச் சாவி

"சாவி உன் பையிலதானே இருக்கு? அப்புறம் ஏம்மா இல்லைன்னு சொன்ன?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஜெபக்கூடத்தின் பின்படிக்கட்டில் நின்று, கொட்டாவியும் கேள்வியுமாகக் கேட்டாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. கேட்டவள் மறந்துவிட்டாள். அவள் அம்மா, தையல்காரம்மாவால் மறக்க முடியவில்லை. ரவிக்கைக்குக் கை வெட்டும்போதும், கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் விடியற்காலை ஜெபத்துக்குக் கூடத்தைத் திறந்து வைப்பது அவள் பொறுப்பு. அன்றைக்கு வெளியூர்ப் போதகர் வருகிறார் என்று முந்தின நாளே கழிப்பறையைத் தேய்த்துக் கழுவி, சுவரோரம் பினாயில் மணக்க வைத்திருந்தாள். பின்சந்தில் குப்பை வண்டியை நிறுத்திவிட்டு, தெரு கூட்டுகிற ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு அஞ்சு நிமிஷம். பாத்ரூம் போகணும்."

"சாவி எங்கிட்ட இல்லம்மா."

"பரவாயில்லக்கா."

வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, முழங்கால்கள் உரச, சின்னச் சின்ன அடிகளாக அவள் நடந்து போனாள். அப்போதுதான் மகள் அதைக் கேட்டாள். தையல்காரம்மா பையை விலாவோடு அழுத்திப் பிடித்தபடி, "வாயை மூடிட்டு வா" என்றாள். அன்றைய ஜெபத்தில் என்ன கேட்டாள் என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை.

இந்த வருஷம் ஜெபக்கூடமும், அடுத்த தெருப் பள்ளிவாசலும், முக்குக் கோவிலும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. சந்தை முனையில் துப்புரவுப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தர வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்பதுதான் முதல் வேலை. காலை நாலு மணிக்குத் துடைப்பம் எடுப்பவர்கள் பதினொன்றுக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குழுவின் தலைவர் கோவில் தரப்புக்காரர். கையில் எது கிடைத்தாலும் வாய்க்கு நேரே பிடித்துப் பேசுவதால் அவருக்கு 'மைக் மாமா' என்று பெயர். ஒருநாள் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். "மாமா, டீக்கே தூக்கம் வந்துடுச்சு, குடிச்சிடுங்க" என்றார் பள்ளிவாசல் கணக்குப்பிள்ளை.

வீடு வீடாகப் போய் ஆயிரத்து இருநூறு கையெழுத்து வாங்கினார்கள். அதில் தெரு கூட்டுகிற ஒருத்தியின் கையெழுத்துகூட இல்லை.

"போட்டா மேஸ்திரி நாளைக்கே நிறுத்திடுவான் சார். கூட வந்து வேணா உக்காந்துக்கறேன்" என்றாள், குழுவைப் பார்க்க வந்த ஒரு பெண். தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று பின்சந்தில் வந்த அவளேதான். இவள் தன்னை மறந்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஜெபித்தாள். அப்படி ஜெபித்ததற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

நகராட்சிக் கூடத்தில் மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. மைக் மாமாவுக்கு நிஜமாகவே மைக் கிடைத்தது. பேசி முடித்ததும் அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். கெட்டவர் அல்ல, அடுத்தடுத்துப் பதினேழு மனுக்கள் அவருக்காகக் காத்திருந்தன.

"கையெழுத்தெல்லாம் சரிங்க. ஆனா இதுவரைக்கும் வேலை பாக்கறவங்க ஒருத்தர்கூட புகார் குடுக்கலையே. கஷ்டப்பட்டவங்க யாராவது இருந்தா எழுந்து சொல்லுங்க, எழுதிக்கறேன். இல்லன்னா அடுத்த மனுவுக்குப் போகலாம்."

ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரி மெதுவாகத் திரும்பி, பின்வரிசையைப் பார்த்தான். அந்தப் பெண்ணின் கால், பெஞ்சுக்கு அடியில் கழற்றி வைத்த செருப்பைத் தேடுவதைத் தையல்காரம்மா கண்டாள். எழுந்துவிடப் போகிறாள். எழுந்தால் வேலை போய்விடும். எழாவிட்டால் எல்லாமே போய்விடும்.

தையல்காரம்மா அவள் தோளில் கைவைத்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்தாள்.

"கஷ்டப்பட்டவங்க சொல்ல வேணாம் சார். கஷ்டப்படுத்துனவ நான் சொல்றேன், எழுதிக்குங்க."

மேடையேறிப் பழகாதவள். குரல் நூல் சிக்கின மாதிரி அறுந்து அறுந்து வந்தது. சந்து, பினாயில் வாசனை, அஞ்சு நிமிஷம், இல்லாத சாவி, இருந்த சாவி, மகள் கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடம் அப்படி நடந்துகொண்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. "ஜெபம் பண்ணத்தான் சார் கதவைத் திறக்க வந்தேன். வந்தவளை அனுப்பிட்டுத்தான் உள்ள போனேன். எங்க மூணு இடத்துலயும் கழிப்பறை இருக்கு. மூணுலயும் பூட்டு இருக்கு. எங்க மேலயே நாங்க குடுக்கற புகார்னு வச்சுக்குங்க."

மைக் மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் பேசாமல் இருந்ததை ஊர் முதல்முறையாகப் பார்த்தது. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். "திங்கக்கிழமை இடம் பாக்க வர்றோம்" என்றார், தலை நிமிராமலே.

வெளியே படியிறங்கும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கு சாவி உங்ககிட்ட இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும்க்கா."

"எப்படி?"

"நீங்க படியேறும்போது பையில கலகலன்னு சத்தம் கேட்டுச்சே." அவள் சிரித்தாள். அதில் குத்தல் இல்லை. அதைத்தான் தையல்காரம்மாவால் தாங்க முடியவில்லை.

சந்தை முனையில் கட்டி முடியும்வரை மூன்று இடங்களிலும் பின்கதவைத் தினமும் விடியுமுன்னே திறந்து வைப்பது என்று முடிவானது. ஜெபக்கூடத்துக் கழிப்பறையை யார் கழுவுவது என்ற பேச்சு வந்தபோது ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள். "ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்" என்று உள்ளூர்ப் போதகர் சொன்னார். தையல்காரம்மா வாயே திறக்கவில்லை. பத்து நாளாக எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஏற்பாடு செய்தது சபையின் மூப்பர்தான் என்று போதகர் நினைக்கிறார். போதகர்தான் என்று மூப்பர்.

இன்றைக்கும் மூன்றே முக்காலுக்கு வந்து, தரையைத் தேய்த்து, வாளி நிரம்பத் தண்ணீர் பிடித்து வைத்தாள். பழைய துண்டுச் சோப்பை எடுத்துவிட்டுப் புதியதை உறை பிரித்து வைத்தாள். கதவில் ஒரு கொக்கி ஆடிக்கொண்டிருந்தது, அதை முடுக்கினாள். விளக்கை எரியவிட்டு, பூட்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சந்தின் அந்தக் கோடியில் வண்டிச் சக்கரம் உருண்டு வரும் சத்தம் கேட்டது. தையல்காரம்மா இந்தக் கோடி வழியாக வேகமாக நடந்தாள். சாவிகள் கலகலத்துவிடாமல் பையை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பின்னால் சக்கரச் சத்தம் நின்றது. திறந்திருந்த கதவின் வெளிச்சம் ஈரத் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.