இல்லாத வளைவு

மொந்தெசிரோ என்ற மலைக் கிராமத்தின் மேலூருக்கு ஒரே வாசல்தான். மலை சரிந்து பாதி ஊர் பள்ளத்தில் போனதும், மிச்சமிருந்தவர்களைக் கீழே புதுக் குடியிருப்பில் இறக்கிவிட்டு நகராட்சி வேலி போட்டுவிட்டது. இப்போது அந்த இடிபாட்டைப் பார்க்கத்தான் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். ஊர் ஊராக இருந்தபோது ஒரு நாயும் எட்டிப் பார்த்ததில்லை!

டொனாட்டா வழிகாட்டியாகச் சேர்ந்தது சம்பளத்துக்காக இல்லை. எஜீதியோ என்றைக்காவது வந்தால் இந்த வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அர்ஜென்டினாவில் வேலை கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று போனவன். போனவன் போனவன்தான். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே?

"அவர் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பாருக்கா," என்பான் வாசலில் தலைக்கவசம் கொடுக்கும் வீத்தோ.

"எடுத்தா எடுக்கட்டும். நீ உன் வேலையப் பாரு."

அன்றைக்கு வந்தது அர்ஜென்டினாக் கூட்டம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் வழுக்கையும் தொந்தியும். சரிதான், இன்றைக்கும் இல்லை.

நார்மன் காலத்துக் கோபுரம், கூரை போன தேவாலயம், கீழே வறண்டு கிடக்கும் ஆறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ரொட்டிக்காரச் சந்துக்குள் நுழைந்தாள். அங்கே முன்பு தாழ்வான கல் வளைவு ஒன்று இருந்தது. அதில் இடித்து நெற்றி புடைக்காத பிள்ளை ஊரில் கிடையாது. மலை சரிந்தபோது அதுவும் போய்விட்டது. ஆனாலும் அந்த இடம் வந்தால் டொனாட்டாவின் தலை தானாகக் குனியும். குனிந்தாள்.

நிமிர்ந்து திரும்பினால், கூட்டத்தில் இன்னொரு தலையும் குனிந்திருந்தது.

"ஏங்க, வெறும் வானத்துக்கா குனியறீங்க?" என்று அந்த ஆளின் மனைவி சிரித்தாள்.

தலைக்கவசத்துக்குக் கீழே இருந்த அந்த முகத்தை டொனாட்டா மறுபடி பார்த்தாள். எஜீதியோதான். மீதி ஊரை என்ன சொல்லிக் காட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

திரும்பும்போது எஜீதியோ பின்தங்கி அவள் பக்கத்தில் வந்தான். என்னென்ன கேட்க வைத்திருந்தாள்! ஆனால் அவன் முந்திக்கொண்டு, பாதி மறந்துபோன ஊர்ப் பேச்சில் தடுமாறிக் கேட்டான்.

"வளைவுதான் இல்லியே டொனாட்டா, நீ ஏன் இன்னும் குனியற?"

"நீயும்தான் இல்ல. நான் காத்துக்கிட்டு இருக்கலியா?"

அவன் கண் கலங்கியது. பஸ் ஹாரன் அடித்தது, மனைவி கூப்பிட்டாள். போய்விட்டான்.

"அக்கா! அந்த ஆளு தலைக்கவசத்தோடயே போறாரு!" என்று வீத்தோ ஓடப் பார்த்தான்.

டொனாட்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடா. திருப்பிக் குடுக்க வருவான்."