பட்டால் கையைத் தூக்க வேண்டும்

...ஸ்பிரிங்கையா மாற்றுவது, உள்குழலையா, இல்லை ஸ்கோப் மட்டும் வாங்கி மாட்டினால் போதுமா என்று கலீல் மூன்றாவது முறையாகக் கேட்டான், கேட்டது கடைக்காரரிடம் இல்லை, தன்னிடம் என்பது சோலைமுத்துவுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. என்ன சொல்வது? கண்ணாடிப் பெட்டியின் மேல் கலீலின் விளையாட்டுத் துப்பாக்கி மல்லாந்து கிடந்தது, பிளாஸ்டிக் குண்டு சுடுவதுதான், ஆனாலும் பார்க்க நிஜம் போலவே... கட்டிலில் கிடக்கும் நோயாளியைச் சுற்றி நிற்பதுபோல் மூன்று பேரும் நின்றார்கள், நோயே இல்லாத நோயாளி, அது மூவரில் சோலைமுத்து ஒருவனுக்குத்தான் தெரியும். ஸ்பிரிங்கைப் பலமானதாகப் போட்டால் உள்ளே பல்சக்கரம் தாங்காது என்றார் பிலிப்பைன்ஸ்காரரான கடைக்காரர், பல்சக்கரத்தை மாற்றினால் மோட்டார், மோட்டாரை மாற்றினால் பேட்டரி... கலீல் எல்லாவற்றுக்கும் அச்சா, அச்சா என்று தலையாட்டினான். பாவி, இதற்காகவா கம்பெனி பிக்கப்பைக் கெஞ்சி வாங்கிப் புஜைராவிலிருந்து துபாய் வரைக்கும் வந்தான்? பாவி யார், அவனா?

போன வெள்ளிக்கிழமை, மலையடிவாரத்து வறண்ட ஓடையில், சைட்டில் வெல்டிங் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் நடத்திய ஆட்டம், இரண்டு கட்சி, எதிர்க்கட்சியின் கொடியைப் பிடுங்கினால் ஜெயம். குண்டு பட்டால் பட்டவனே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், தூக்கிய கையை எல்லையைத் தாண்டும்வரை இறக்கக் கூடாது, வேறு சாட்சி கிடையாது, அந்தக் குண்டு சட்டையில் சாயம் பூசாது. சோலைமுத்துவின் பக்கத்தில் அவன் மட்டும் மிச்சம், அந்தப் பக்கம் கலீல் மட்டும் மிச்சம், வெளியே நின்றவர்கள் அவன் பெயரைச் சுருக்கிச் சோலோ, சோலோ என்று கத்தினார்கள், வளைகுடாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவன் பெயரை அத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அப்போது பார்த்துத்தான் இடது விலாவில் சுருக்கென்று... எறும்பாக இருக்குமோ? அந்தக் கொதிக்கிற கல்லில் ஏது எறும்பு. தூக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது, கால்தான் கேட்கவில்லை, ஓடிப்போய்க் கொடியைப் பிடுங்கிவிட்டது. முதல் ஆளாக வந்து கட்டிப்பிடித்தவன் கலீல், நோக்கியாவில் படம் எடுத்தவனும் கலீல், அப்புறம்தான் ஜும்ஆ தொழுகைக்கு நேரமாச்சு என்று ஓடினான். கேம்பில் குளிக்கும்போது விலாவைப் பார்த்தால் மிளகு அளவுக்குச் சிவப்பு. பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தான்... சும்மா இருந்தது பொய்யில் சேருமா?

"இருவதடி தூரந்தான் மாப்ள, அந்தத் தூரத்துல எனக்குக் குறி தப்பாது, அப்ப கன்லதான் என்னமோ கோளாறு" என்று மறுநாள் டூட்டியில் கலீல் சொன்னான். துப்பாக்கியைச் சந்தேகித்தான், பேட்டரியைச் சந்தேகித்தான், சோலைமுத்துவைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? எண்ணெய் டாங்கின் உச்சியிலிருந்து அளவுநாடாவை இறக்கிப் பார்த்து இவன் வாக்கிடாக்கியில் சொல்வான், கீழே அவன் எழுதிக்கொள்வான், நாலு வருஷத்தில் ஒருநாளும் ஏறி வந்து சரிபார்த்ததில்லை. இல்லை, எல்லாம் தெரிந்துதான் கூட்டி வந்தானோ? தெரிந்தவன் இப்படியா ஆசையாக ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கிப் பார்ப்பான்? ஸ்பிரிங் என்றால் அந்தக் குண்டுக்கு வேகமில்லை என்றாகும், உள்குழல் என்றால் அது கோணிப்போனது என்றாகும், ஸ்கோப் என்றால் கலீலின் கண்ணே சரியில்லை என்றாகும்... எதைக் கைகாட்டினாலும் அந்த ஒரு குண்டின் மேல் இன்னொரு பொய். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது, சொல்லிவிட்டால் நாளைக்குக் கலீல் டாங்கில் ஏறிப் பார்ப்பானோ என்று.

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முதல் திருகாணியில் வைத்தார்.

"நீயே சொல்லு மாப்ள, எதுக்க நின்னவன் நீதானே. அந்தக் குண்டு எங்கிட்டுத்தான் போயிருக்கும்?"

கேலியா, நிஜமாகவே கேட்கிறானா... முகத்தைப் பார்த்தும் விளங்கவில்லை, வலது கை தன் பாட்டுக்கு மேலே போனது, தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி. கடைக்காரர் அது போன திசையைப் பார்த்தார், மேல்தட்டில் இருந்த, துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வார்ப்பட்டையைக் கேட்கிறான் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு ஸ்டூலைத் தேடினார். கலீல் மேல்தட்டைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். இங்கே எல்லை எது, எதைத் தாண்டினால் கையை இறக்கலாம் என்று சோலைமுத்துவுக்குத் தெரியவில்லை.