ஐந்தாம் நாள் சாப்பாடு

கந்தவேல் கந்த சஷ்டி விரதம் இருப்பது இதுதான் முதல் தடவை. ஆகையால் நல்லூரில் பாதிப் பேருக்கு அது தெரிந்துவிட்டது. பேக்கரிக்காரர், நூல் மூட்டை ஏற்றிவரும் டெம்போ டிரைவர், எதிர் வீட்டு நாச்சிமுத்து என்று யார் கிடைத்தாலும் அவராகவே பேச்சை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். "சாயங்காலம் ஒரு டம்ளர் பாலு, ரெண்டு பழம். அவ்வளவுதானுங்க." அவர் மனைவி ஜெயபாரதி முப்பத்தொரு வருடமாக அதே விரதத்தை இருக்கிறாள். அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் அவரும் சேர்ந்துகொண்டதற்குக் காரணம் இருந்தது. மகள் மதுமதிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் எட்டாவது மாதம். குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று புருசனும் பெண்டாட்டியும் முருகன் படத்துக்கு முன்னால் நின்று ஒன்றாக நேர்ந்துகொண்டார்கள். வீட்டை ஒட்டியே இருந்த, பனியன் துணி பின்னுகிற அவர்களுடைய நிட்டிங் யூனிட்டும் தீபாவளிக்கு மூடியது மூடியபடி கிடந்தது. வேலையாட்கள் ஊரிலிருந்து திரும்பவில்லை. வேலையில்லாதபோது பசிக்கிற பசி தனி ரகம் என்பதை மூன்றாம் நாளே கந்தவேல் கண்டுகொண்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் குணா போன் பண்ணினான். படப்பிடிப்புகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவன். "அக்கா, நாளைக்கு உடுமலைல சூட்டிங். அம்மா கேரக்டருங்க. முழு சீன் உங்களுக்குத்தான். கூட்டத்துல நிக்கற வேலை இல்லீங்கக்கா!"

ஜெயபாரதிக்கு அப்படியே முகம் மலர்ந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் மகளின் தோழி எடுத்த குறும்படத்தில் விளையாட்டாக நடிக்கப் போய், அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் காட்சியில் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தாள், படத்தில் அவளுடைய கால் மட்டும் வந்தது. ஒரு சீரியலில் இரண்டு வரி பேசினாள், இரண்டையும் வெட்டிவிட்டார்கள். விடியுமுன் கிளம்புவாள். வெயிலில் முகத்துக்கு மேக்கப் அப்பிக்கொண்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். வீட்டில் மிக்சி ஓடினாலே தலைவலி என்கிறவள், அங்கிருந்து திரும்பும்போது மட்டும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவாள். கந்தவேலுக்கு அதுதான் புரிந்ததே இல்லை.

"சஷ்டி முடியற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

"ஒரே நாளுங்க. நான் பட்டினி கெடக்கறது ஊட்டுல கெடந்தா என்ன, அங்க கெடந்தா என்ன?"

"அங்க டீயும் பன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். விரதத்துக்கு ஒரு பங்கம் வந்துதுன்னா இந்த நடிப்புக்கு அன்னிக்கே முழுக்கு. இப்பவே சொல்லிப்போட்டேன். சம்மதமா?"

அவள் கொஞ்ச நேரம் சாமி படத்தையே பார்த்தாள். "சம்மதமுங்க," என்றாள்.

அடுத்த நாள் காவலுக்கு அவரே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பல்லடம், குடிமங்கலம் தாண்டி, உடுமலைக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு வீட்டில் படப்பிடிப்பு. காலை ஏழு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். குகன் என்ற உதவி இயக்குநர் ஒரு தாளோடு ஓடிவந்தான். "அம்மா, பையன் மொத மாசச் சம்பளத்துல கறி எடுத்துட்டு வர்றான். நீங்க சமைச்சுப் பரிமாறுறீங்க. அவன் சாப்பிடறதப் பார்த்துட்டே மூணு டயலாக். அவ்ளோதாம்மா."

பரிமாறுவதுதானே என்று கந்தவேலுக்கு நிம்மதியாயிற்று. பிறகு காத்திருப்பு தொடங்கியது. எட்டு, ஒன்பது, பத்து. மகனாக நடிக்கிற கதாநாயகத் தம்பி வந்தான், போனான். விளக்குகளை ஏற்றினார்கள், இறக்கினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி வாசனை வந்தபோது கந்தவேல் எழுந்து தோப்பைச் சுற்றி நடக்கப் போய்விட்டார்.

அங்கேதான் ஜெயபாரதியைப் பார்த்தார். வேஷத்துக்குக் கொடுத்த நைந்த புடவையில், தென்னை மரத்தைப் பார்த்தபடி நின்று, அந்த மூன்று வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தபடி சொன்னாள். பிறகு அதட்டலாக. பிறகு தொண்டை அடைக்க. ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பொம்பளை நின்று பேசுவதுபோல இருந்தது. இவருக்குத் தெரியாத பொம்பளைகள். கூப்பிடலாமா என்று வாயெடுத்தவர், எதற்கோ கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

மூன்று மணிக்குத்தான் அழைப்பு வந்தது. சமையலறைத் தரையில் தட்டு போட்டு, சுடுசோறும் கறிக்குழம்பும் வைத்திருந்தார்கள். இரண்டு ஒத்திகை முடிந்ததும் டைரக்டர் மோவாயைச் சொறிந்தார். "ஏதோ குறையுது. அவன் மட்டும் திங்கறது நல்லால்ல. அம்மாவையும் உட்கார வச்சு சாப்பிட வைக்கட்டும். மொதல்ல அம்மா சாப்பிடணும். பல நாள் கழிச்சு வயிறாரத் திங்கற பொம்பளை. இன்னொரு தட்டு போடுங்க!"

கந்தவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஜெயபாரதி குகனிடம் போய் அவசர அவசரமாக ஏதோ சொன்னாள். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை. இறங்கிக்கொண்டிருந்த வெயிலைக் காட்டினான். பிறகு, இந்த மாதிரி நேரத்துக்கென்றே மேக்கப்போடு உட்கார வைத்திருந்த இன்னொரு அம்மாவைக் காட்டினான். ஜெயபாரதி திரும்பிக் கந்தவேலை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு துண்டு கேட்டு வாங்கி, மடியில் விரித்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஆக்‌ஷன்!"

மானிட்டருக்குப் பின்னால் நின்றிருந்த கூட்டத்தில் கந்தவேலும் எக்கிப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தாள். பிசைந்ததை உருட்டி, கூச்சப்படுகிறவள்போல முகத்தைச் சற்றே திருப்பி, விரல்களால் வாயை மறைத்தபடி உள்ளே தள்ளினாள். முதல் வாய்க்குக் கண்ணை லேசாக மூடினாள். அவள் வீட்டில் செய்வதே அதுதான். முப்பத்தொரு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியாதா? கன்னம் உப்பியது. தாடை அசைந்தது. விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியது. குழம்பு ஒழுகியதுபோல இடது மணிக்கட்டால் உதட்டோரத்தைத் துடைத்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் சிரித்தாள். மகனைப் பார்த்து, "உப்பு கம்மியாப் போச்சு கண்ணு, உன்ற சம்பளத்துல அடுத்த மாசம் உப்பும் சேத்தி வாங்கிட்டு வா," என்றாள். பக்கத்தில் நின்ற லைட்காரர் மூக்கை உறிஞ்சினார்.

கதாநாயகத் தம்பி வசனத்தை மறந்துவிட்டான். கட். மறுபடியும் சூடாகச் சோறு, மறுபடியும் அவள் சாப்பிட்டாள். தென்னை மட்டை ஒன்று விழுந்து சத்தம். கட். மூன்றாவது தடவையும் அதே ஆசையோடு அவள் கவளத்தை உருட்டியபோது, கந்தவேலுக்குப் பார்க்க முடியவில்லை. ஐந்தாம் நாள். அதுவும் கறிச்சோறு. மகளுக்கென்று நேர்ந்துகொண்டதை நாலு விளக்கு வெளிச்சத்துக்காக இப்படி ருசித்துத் தின்கிறாளே என்று வயிறெரிந்தது. முழுக்கு என்றால் முழுக்குத்தான். விருட்டென்று வெளியே நடந்தார்.

ரோட்டோரத்தில் டீக்கடை. எண்ணெயில் பருப்பு வடை மிதந்துகொண்டிருந்தது. அவளே தின்றுவிட்டாள், இனி நான் மட்டும் யாருக்காகக் காய்கிறேன் என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கோபத்தில் கேட்டாரா பசியில் கேட்டாரா என்று முருகனுக்குத்தான் வெளிச்சம். ஒரு டீ, மூன்று வடை, சட்னியைத் தொட்டுத் தொட்டு. மூன்றாவது வடையை முடித்தபோது கோபமும் பாதி முடிந்திருந்தது. அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

திரும்பிக் காருக்கு வந்தார். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் படப்பிடிப்புக்குச் சமைக்கிற ராமுத்தாய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தெற்கத்திக்காரி. வாய் ஓயாமல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழு தடவ, அய்யா! ஏழு தடவ சுடச்சுடத் தட்டு மாத்தி வச்சிருக்கேன். அம்மி மசாலா போட்டு வச்ச குழம்பு. யூனிட்டே சப்புக்கொட்டித் திங்குது. அந்தம்மா ஒரு பருக்கைய உள்ள விடல!"

"எந்தம்மா?"

"இன்னிக்கி அம்மாவா நடிச்சாகல்ல, அவுகதான். நானும் நல்லா ருசிச்சுத் திங்கிறாகன்னு நெனச்சு மனசு குளுந்து போயி நின்னேன். முடிஞ்சு எந்திரிச்சதும் மடியில கெடந்த துண்ட எடுத்து எங்கிட்டக் குடுக்காக. பாத்தா அம்புட்டுச் சோறும் அதுலதான் கெடக்கு! வாயிக்கிட்டக் கொண்டு போயி அப்பிடியே உள்ளங்கையில ஒளிச்சு, கீழ எறக்கிருக்காக. ஒரு தடவ இல்ல, ஏழு தடவயும். கேமராவுக்கும் தெரியல, டைரக்டருக்கும் தெரியல. பக்கத்துல நின்ன எனக்கே தெரியலய்யா!" கையிலிருந்த துண்டை உதறிக் காட்டினாள். உருட்டின கவளங்கள் உருட்டின வாக்கிலேயே தொட்டியடியில் உதிர்ந்தன. நாய் ஒன்று ஓடிவந்தது. "என் சமையல்ல என்ன கொறையாம்? நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

கந்தவேல் ஓரடி கிட்டே போனார். அந்தக் கவளங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். உப்பின கன்னத்துக்குள் ஒன்றுமே இல்லையா? ஏறி இறங்கின தொண்டையில் வெறும் எச்சிலா? ஐந்து நாள் பட்டினி கிடக்கிற ஒருத்தி, கறிக்குழம்பு வாசனையை மூக்குக்கு நேரே ஏழு தடவை கொண்டுபோய், ஏழு தடவையும் திருப்பி இறக்கியிருக்கிறாள். முகத்தில் மட்டும் ஒரு ஏழைத் தாயின் வயிறு நிரம்பியிருக்கிறது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்புறம் வடையின் ஞாபகம் வந்தது.

அன்றைய படப்பிடிப்பு முடிந்ததற்குத் தோப்புக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. சற்று நேரத்தில் சொந்தப் புடவைக்கு மாறி ஜெயபாரதி வந்தாள். காருக்குள் பொத்தென்று உட்கார்ந்தாள். பொழுது இறங்கியிருந்தது.

"ஏனுங்க, அந்த ஃபிளாஸ்க்குல பாலு இருக்குதுங்களா? குடுங்க. நீங்க குடிச்சீங்களா?"

"இல்ல அம்மிணி, நீ குடி. எனக்கு அவ்வளவாப் பசியில்ல," என்று கந்தவேல் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, வயிற்றைத் தடவி, ஒரு பெருமூச்சும் விட்டார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மீசையில சட்னி ஒட்டியிருக்குதுங்க."

ஒளித்துப் பிரயோசனமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்றாவது தடவையோடு எழுந்துபோனது, டீ, வடை, ராமுத்தாய், துண்டு. "நீ தின்னுட்டேன்னு நெனச்சுத்தான் நானும் தின்னேன். பாவி நான்தான் விரதத்தக் கெடுத்துட்டேன். உன்ன சந்தேகப்பட்டு வேற போட்டேன்," என்றார். அவள் திட்டட்டும், அழட்டும் என்று காத்திருந்தார்.

ஜெயபாரதி பால் டம்ளரை மடியில் வைத்தாள். "குகன் தம்பிகிட்ட விரதம்னு சொன்னனுங்க. அப்ப அந்தம்மாவ உக்கார வெக்கறேன்னுடுச்சு. மனசு கேக்கலீங்க. உங்களப் பாத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." பிறகு மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். பட்டினியில் வறண்டிருந்த முகத்தில் என்னவோ ஊறிக்கொண்டு வந்தது. "ஏனுங்க... நெசமாலுமே நம்பீட்டீங்களா?"

"நம்பித்தான வடையத் தின்னேன்."

"முப்பத்தொரு வருசமா என்னப் பாக்கற நீங்களே நம்பீட்டீங்களா?" அவள் சிரித்தாள். கையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. டைரக்டர் கைதட்டினபோதுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோசம் இருந்திருக்காது. இந்த ஆட்டம் என்ன ருசி காட்டி அவளை இழுக்கிறது என்று நான்கு வருடமாகப் புரியாதது, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கந்தவேலுக்குப் புரிந்தது.

"உங்க விரதம்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு சூரசம்ஹாரம். கோயிலுக்குப் போயி முருகன்கிட்ட நீங்களே சொல்லிக்கங்க. அங்க போயி நடிக்காதீங்க, உங்களுக்கு வராது."

குடிமங்கலம் வரும்போது குணா கூப்பிட்டான். கந்தவேல்தான் எடுத்தார். டைரக்டர் இன்னும் நான்கு நாள் கேட்கிறாராம். "நானே கூட்டிட்டு வர்றேன் கண்ணு. ஆனா சாப்பாட்டு சீன் இருந்தா எங்கிட்ட முன்னாடியே சொல்லிப்போடு. எனக்குத் தாங்காது," என்று போனை வைத்தார்.

காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"ஏனுங்க," என்றாள். "எந்த எடத்துல நம்புனீங்க?"

ஓட்டிக்கொண்டே சொல்கிற விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, முதல் கவளத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.