படகு வண்டிச் சக்கரம்

துரை பங்களா மேனேஜர் நல்லசாமி பட்டறையின் பின்கட்டுக்குள் தலையை நீட்டியபோது, மதீனா பீவியின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கிரீஸில் இருந்தன. ஒளித்துக்கொள்ள நேரமில்லை. மூன்று மாதமாக ஊருக்குத் தெரியாமல் செய்துவந்த வேலை, முப்பத்தெட்டாம் வருஷம் மே மாதத்தில் ஒரு காலை எட்டு மணிக்கு அம்பலமாகிவிட்டது.

மாசி மாதத்தில் ஜாக்கி நழுவி ஒரு லாரியின் எடை முழுவதும் அவள் புருஷன் இப்ராம்சாவின் வலதுகையில் இறங்கியது. கை பிழைத்தது, மூன்று விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. ஸ்பானர் பிடிக்க இடதுகை பழகிக்கொண்டது. ஆனால் சக்கரத்துப் பேரிங்குக்குக் கிரீஸ் அடைக்க இரண்டு உள்ளங்கையும் வேண்டும். பூண்டியிலிருந்து மட்டக்குதிரைகளில் வந்த வெள்ளைப்பூண்டு மூட்டைகள் லாரிக்காகக் காத்துக்கிடந்த ஒருநாள், வேறு வழியில்லாமல் மதீனா கையை விட்டாள். அதற்குப் பிறகு கொடைக்கானல் பஜாரில் எந்த வண்டிச் சக்கரம் திறந்தாலும் அதை அடைத்து மூடியது அவள் கைதான். இப்ராம்சா இடதுகையாலேயே சமாளிக்கிறான் என்று ஊர் மெச்சிக்கொண்டிருந்தது.

"என்ன பாய் இது?" என்றார் நல்லசாமி, அவளைப் பார்க்காமல் இப்ராம்சாவைப் பார்த்து. "துரையோட வண்டியப் பொம்பளகிட்டயா குடுத்து வச்சிருக்கீங்க? உங்க வீட்டு ஆணக்கொழம்பா காய்ச்சுறாங்க இதுல?"

இப்ராம்சா வாயைத் திறப்பதற்குள் மதீனாவே பதில் சொன்னாள். "காய்ச்சின ஆணத்த வந்து பாருங்க சார். அதுக்கப்புறம் பேசுவோம்."

அவள் முன்னால் கிடந்தவை துரையின் படகு வண்டிச் சக்கரங்கள். வண்டி பட்டறை வாசலில் முட்டுக்கொடுத்து நின்றது. பழைய லாரியின் முன்னச்சை வைத்து மதுரையில் கட்டியது. இரண்டே சக்கரம், மேலே நீளமான மரத்தொட்டில். அதில் பந்தயப் படகைக் கிடத்தி லாரிக்குப் பின்னால் கோத்து இழுப்பார்கள். ஏரிக்கரைக் கொட்டகையில் படகை விட்டுவைக்க துரைக்கு மனசில்லை. தினமும் மேட்டு பங்களாவிலிருந்து ஏரிக்குக் கொண்டுபோய், வண்டியையே பின்புறமாகத் தண்ணீருக்குள் தள்ளி, படகை மிதக்கவிடுவார்கள். சாயங்காலம் அதேபோல ஏற்றுவார்கள். இப்போது சென்னையில் ஒரு பந்தயம். படகு அன்று மாலைக்குள் கோடை ரோடு ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி ஏறவேண்டும்.

மதீனா சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள் விரலைவிட்டு வழித்து அவரிடம் நீட்டினாள். தேன் நிறத்தில் இருக்கவேண்டிய கிரீஸ் தண்ணீர் கலந்த மோர்போல வெளுத்திருந்தது. நடுநடுவே துரு.

"சுட்ட சட்டியக் கவுத்துத் தண்ணியில வச்சுப் பாத்திருக்கீங்களா? தண்ணிய உள்ள இழுக்கும்ல. ஓடி வந்த சூட்டோட இதை ஏரியில எறக்கியிருக்கீங்க. குடம் குளுந்தவொடனே தண்ணியக் குடிச்சிருச்சு. ஒருநா ரெண்டுநா இல்ல, மாசக்கணக்கா குடிச்சிருக்கு." சீமெண்ணெயில் கழுவி வைத்திருந்த ஒரு பேரிங்கை எடுத்துக் காட்டினாள். உருளைகளில் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தது. "மத்த மூணும் தப்பிச்சிருச்சு. இது செத்துப்போச்சு. இத மாட்டி அனுப்ப மாட்டேன்."

"புதுசு எங்க கெடைக்கும்?"

"திண்டுக்கல்ல."

"திண்டுக்கல் போயிட்டு வாரதுக்குள்ள ரயிலு போயிரும். அதையே மாட்டு. அம்பது மைல் தான."

"மாட்டமாட்டேன்."

நல்லசாமிக்கு இந்த ஒரு சொல்லைப் பெண்பிள்ளை வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லை. விருட்டென்று வெளியே போனார். போனவர் நேராக அடுத்த வாசலில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த சம்சுல் ஆலமிடம் போனார். பட்டறைக் கட்டடம் சம்சுல் ஆலமுடையது. பள்ளிவாசல் ஜமாத்திலும் அவர் பேச்சு எடுபடும்.

அவர் வந்தார். சத்தம் போடவில்லை. "இப்ராம்சா, உன் கைக்கு நேந்தது எனக்கும் வருத்தந்தான். அதுக்காக வீட்டுப் பொம்பளைய லாரிக்காரனுக மத்தியில ஒக்காத்தி வைக்கிறதா? சக்கரத்த அப்படியே மாட்டிக் குடுத்துட்டு அவள உள்ள போகச் சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து இந்தக் கதவு தெறக்காது."

இப்ராம்சா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மதீனாவுக்கு அவன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஊரை எதிர்க்கலாம். இந்த மனுஷனின் மௌனத்தை என்ன செய்வது?

"மச்சான்," என்றாள். "நம்ம கொல்லையில நிக்குற லாரியும் இந்த அச்சும் ஒரே கம்பெனிதான?"

அவன் நிமிர்ந்தான். கொல்லையில் ஒரு செத்த லாரி கட்டைகளின்மேல் நின்றது. உதிரி உதிரியாகச் சேர்த்து அதைத் திரும்ப ஓடவிட்டு, தானே ஒரு வண்டிக்கு முதலாளியாகிவிட வேண்டும் என்பது அவன் நான்கு வருஷத்துக் கனவு. முன்சக்கரத்துப் பேரிங்குகளை எண்ணெய்த்துணியில் சுற்றிக் காபந்து பண்ணி வைத்திருந்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப்பக்கம் போய், அந்தத் துணிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து அவள் மடியில் வைத்தான்.

"கை என்னுது இல்ல மாமு, அவளுது," என்றான் சம்சுல் ஆலமிடம். "அவ சொல்றபடிதான் வண்டி போகும்."

மதீனா எழுந்தாள். வேலைப் பலகையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பஜார் பார்க்க நடுவில் போட்டு உட்கார்ந்தாள். முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டாள். "உள்ள ஒளிஞ்சு செஞ்சாத்தான தப்பு. இங்க செய்யுறேன். எல்லாரும் பாருங்க."

பார்த்தார்கள். தேங்காய்க் கடையில் வியாபாரம் நின்றது. பள்ளங்கியிலிருந்து காய்கறிக் கூடையோடு வந்த பெண்கள் கூடையை இறக்கவும் மறந்து நின்றார்கள். அவள் இடது உள்ளங்கையில் ஓர் எலுமிச்சையளவு கிரீஸை வைத்தாள். பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தாள். உருளைகளின் இடுக்குகள் வழியே கிரீஸ் மேல்பக்கம் புழுப்புழுவாக வெளிவரும்வரை விடவில்லை. ஒரு சுற்று முடித்துத் திருப்பி இன்னொரு சுற்று. குடத்தைத் துடைத்து, எண்ணெயில் ஊறிய புதுக் கம்பளி வளையத்தைப் பொருத்தி, சக்கரத்தை ஏற்றி, நட்டை முறுக்கினாள். சக்கரம் கனக்கும்வரை முறுக்கிவிட்டு, நட்டை ஒரு பல் அளவு தளர்த்தவேண்டும். நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே செருகும் பின்னுக்கான ஓட்டை அப்போது நேராக வரவேண்டும். இடது சக்கரத்தில் சரியாக வந்தது. வலது சக்கரத்தில் அரைப்பல் தள்ளி நின்றது. தளர்த்தியிருக்கவேண்டும். பின்னால் யாரோ சிரித்தது காதில் விழ, இறுக்கிப் பின்னைப் போட்டுவிட்டாள்.

"வழியில சக்கரம் கழண்டு துரை படகு பள்ளத்துல விழுந்தா நீயும் உன் புருசனும் ஜெயில்தான்," என்றார் நல்லசாமி.

"நானும் வண்டியில வாரேன். இடையில இடையில எறங்கிக் குடத்தத் தொட்டுப் பாக்குறேன். நீங்களும் வாங்க. தொட்டுப் பாக்க உங்களுக்கும் கை இருக்குல்ல?"

லாரி டிரைவர் சுப்புராஜ் அதுவரை பீடியோடு ஒதுங்கி நின்றவன், வாய்விட்டுச் சிரித்தான். "ஏறுங்கக்கா. வெரசா போனாத்தான் ரயிலப் பிடிக்கலாம்."

சம்சுல் ஆலம் மண்டிப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மதீனா முன்னிருக்கையில் இப்ராம்சாவுக்கும் நல்லசாமிக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளுக்குப் பிறகு மலையிறங்குவது அதுதான் முதல் தடவை.

பெருமாள்மலையில் முதல் நிறுத்தம். இறங்கிப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். இடது குடம் வெயிலில் கிடந்த கல்லின் சூடுதான். வலது குடத்தில் வைத்த கையை உடனே எடுக்கவேண்டியிருந்தது.

நல்லசாமியும் தொட்டார். கையை உதறினார். "ஆகா. என்னமோ சவால் விட்ட."

மதீனா சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். ஏதாவது சாக்குச் சொல்லலாம். பேரிங் பழசு, கிரீஸ் படியவேண்டும், சரிவு அதிகம் என்று சொன்னால் இந்த மனுஷனுக்கு விளங்கவா போகிறது? ஆனால் இன்னும் நாற்பது மைல் இருந்தது.

"தப்பு என்னுதுதான்," என்றாள். "அரைப்பல் இறுக்கிட்டேன். நீங்கள்லாம் பாக்குறீங்கங்குற வீம்புல இறுக்கிட்டேன். ஜாக்கி போடு சுப்புராஜ்."

"நடுரோட்டுலயா?" என்றார் நல்லசாமி. "ரயிலு..."

"ரயிலு போனா போகட்டும். இப்படியே எறங்கினா ஊத்து ஊரத் தாண்டினதும் பேரிங் இறுகிப் பிடிச்சுக்கும். அப்புறம் படகும் இருக்காது, பின்னால இழுபட்டு நம்மளும் இருக்கமாட்டோம். நீங்க வேணா நடந்து போங்க."

இப்ராம்சா பின்னை உருவிக் கொடுத்தான். அவள் நட்டை ஒரு பல் தளர்த்தி, சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டி, சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். உராயும் சத்தம் இல்லை. வேறு பின் போட்டு முனைகளை மடக்கினாள். கால்மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பினார்கள்.

ஊத்தில் தொட்டார்கள். டம்டம் பாறையில் தொட்டார்கள். மலையடிவாரத்துக் காட்ரோட்டில் அவளுக்கு முன்னால் நல்லசாமியே இறங்கிப்போய் வலது குடத்தில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. வந்து ஏறிக்கொண்டார்.

கூட்ஸ் வண்டி புறப்பட அரைமணி இருக்கும்போது படகு ஸ்டேஷனுக்குள் போனது. போர்ட்டர்கள் அதைத் தூக்கி ஏற்றும்போது மதீனா நல்லசாமியிடம் சொன்னாள். "இனிமே சூட்டோட தண்ணியில எறக்காதீங்க. கரையில நிறுத்தி, குடம் ஆறின பொறவு எறக்குங்க. தண்ணிக்குள்ள போன சக்கரத்தத் தெறந்து பாக்காம மலையெறக்கம் விடாதீங்க."

"துரைகிட்ட இதெல்லாம் யாரு சொல்றது?"

"நீங்கதான். என்கிட்ட மட்டும் எம்புட்டுச் சத்தமாப் பேசுனீங்க."

அவர் முகம் கறுத்தது. நன்றி சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலையில் அவர்கள் மலையேறி வந்தபோது பட்டறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ஸ்பானர், ஜாக்கி, கிரீஸ் டின், எல்லாம் உள்ளே. இப்ராம்சா பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மண்டிப் பக்கம் ஓரடி வைத்தான்.

"கேக்கப் போகாதீங்க மச்சான்," என்றாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். சுப்புராஜ் தன் லாரியிலிருந்த சாமான் பெட்டியையும் கிரீஸ் டின்னையும் கொண்டுவந்து வைத்தான். தன் வண்டியையே மண்டி வாசலில் நிறுத்தி முன்சக்கரத்தைக் கழற்றினான். சம்சுல் ஆலமின் கிழங்கு ஏற்ற வந்த இன்னும் இரண்டு லாரிகளும் அதன் பின்னால் நின்றுவிட்டன. சக்கரம் பார்க்காமல் மலையிறங்குவதில்லை என்று அந்த டிரைவர்களும் சொல்லிவிட்டார்கள். படகு வண்டியின் கதை அவர்களுக்கு முந்தின சாயங்காலமே வத்தலக்குண்டில் தெரிந்துவிட்டிருந்தது.

பத்து மணிவரை கிழங்கு ஏற்ற வழியில்லாமல் கூலியாட்கள் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். பிறகு சம்சுல் ஆலம் சாவிக்கொத்தோடு படியிறங்கி வந்தார். பூட்டைத் திறந்தார். உடனே போகவில்லை. ஏதோ சொல்ல வேண்டியவர்போல அவள் பக்கத்தில் நின்றார். காற்றுக்கு அவருடைய வேட்டி தெருப்புழுதியைக் கிளப்பியது.

மதீனாவின் உள்ளங்கையில் கிரீஸ் இருந்தது. பேரிங்கை அழுத்திக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமு. தூசி விழுது."

அவர் தள்ளி நின்றார்.