பதினெட்டுக் கேள்விக்கும் ஒரே பதில்

"முந்நூறு பேரை வரிசையில நிறுத்துங்க. நானு கண்ணை மூடிக்கறேன். நாடி புடிக்க மாட்டேன், ஊசி குத்த மாட்டேன். நெசமான நோவு எவருக்குன்னு உக்காந்த எடத்துலயே சொல்லிப்போடறேன்" என்றார் அமுதவல்லி.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்தாறு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தான் பிரசவம் பார்த்த பிள்ளைகளைக் கைகோத்து நிற்க வைத்தால் வரிசை சேலம் ஜங்ஷனைத் தாண்டும் என்பது அவரே போட்ட கணக்கு. அதனால் ஊர்க்காரர் யாரும் வாய் திறக்கவில்லை. சிரித்தவர் ஒருவர்தான்: வெளிநாட்டார் நடத்திய மருத்துவ முகாமுக்கு மொழிபெயர்க்கச் சேலத்திலிருந்து வந்திருந்த சூசைமாணிக்கம், ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார்.

"அம்மணி, கண்ணை மூடிட்டுத் தூங்கலாமுங்க. வைத்தியம் பார்க்க முடியாது."

"பாக்கலாமுங்க வாத்தியாரே."

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், பதிவு மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

கடல் கடந்து பதினாலு பேர் வந்திருந்தார்கள், மருத்துவமே பார்த்திராத ஏழைகளைக் கரையேற்ற. வரும் வழியில் ஏழு இன்ஜினியரிங் கல்லூரியும் ஒன்பது ஸ்கேன் சென்டரும் இருந்தன; அவை யார் கண்ணிலும் படவில்லை. ஓர் எருமை பட்டது. வேனை நிறுத்தி அதை நாற்பது போட்டோ எடுத்தார்கள். இந்த ஊர் ரிக் லாரிகள் ஆப்பிரிக்கா வரை போய் போர்வெல் போட்டுவிட்டு வந்தவை என்று சொன்னபோது, பாவம், ஏதோ பழங்கதை என்று தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

பதினாலு பேரில் டாக்டர் ஒருவர். அவரும் தோல் டாக்டர். வெயில் தாங்காமல் அவர் தோலே உரிந்து, காலையிலிருந்து வகுப்பறை ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தார். மீதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களின் தலைவன் ப்ராண்டன் குளிக்கும்போதும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றுவதில்லை என்று அமுதவல்லி பிற்பாடு சத்தியமே செய்தார்.

ப்ராண்டன் கையில் பதினெட்டுக் கேள்விகள் அச்சடித்த தாள். அவன் இங்கிலீஷில் வாசிக்க வாசிக்க, சூசைமாணிக்கம் தமிழில் கேட்டார். அங்கேதான் வந்தது வினை. தேடி வந்த விருந்தாளி ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்லி அவர் முகத்தை வாட வைப்பது இந்தப் பக்கத்தில் வழக்கமே இல்லை.

"மார் வலிக்குதுங்களா?"

"ஆமாங்க."

"மூச்சு வாங்குதுங்களா?"

"ஆமாங்க."

"மாசமா இருக்கறீங்களா?"

"ஆமாங்க" என்றார் ரிக் டிரைவர் பொன்னன், மீசையை ஒதுக்கிக்கொண்டே.

சூசைமாணிக்கம் திடுக்கிட்டு, "ஏனப்பா, நீ என்ன சொல்றேன்னு தெரியுதா?" என்றார்.

"அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்காங்க. மனசு நோகக்கூடாதுங்களே."

ப்ராண்டன் பரவசமாக எழுதிக்கொண்டான். மதியத்துக்குள் முந்நூற்றுப் பதினோரு பேருக்குப் பதினெட்டு நோயும் ஊர்ஜிதமாகிவிட்டன. உலக மருத்துவ வரலாற்றில் இப்படி ஓர் ஊர் உயிரோடு நடமாடியதில்லை. ஆளுக்கு ஒரு பல்துலக்கும் பிரஷ், பத்து சத்து மாத்திரை, ஒரு போட்டோ.

அமுதவல்லி கண்ணைத் திறக்கவில்லை. லேசான குறட்டைகூடக் கேட்டது.

அப்போது வரிசையில் வந்தாள் செல்லாயி. தறிக்குடோனில் வேலை. பக்கத்து வீட்டுக்காரி பிரஷுக்காக இழுத்து வந்திருந்தாள்.

"மார் வலிக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"மூச்சு?"

"இல்லீங்க. சீக்கிரம் உட்டீங்கன்னா தறிக்குப் போயிருவேன்."

பதினெட்டுக்கும் இல்லீங்க. ப்ராண்டனுக்கு ஆனந்தம். ஒரே காலையில் தன் குழு இந்த ஊருக்கு ஓர் ஆரோக்கியமான பெண்ணைத் தந்துவிட்டதாக நினைத்தானோ என்னவோ, அவள் கையில் நன்றி என்று எழுதிய அட்டையைக் கொடுத்து கேமராவைத் தூக்கினான்.

"வாத்தியாரே, அவளைத்தான்" என்றார் அமுதவல்லி. இமை இன்னும் மூடியே இருந்தது. "இப்பப் பேசுனாளே, அவளை வண்டியில ஏத்துங்க."

"அம்மணி, இத்தனை பேர்ல இவங்க ஒருத்தருக்குத்தான் ஒன்னுமே இல்ல!"

"அதனாலதான் சொல்றேன். நல்லா இருக்கறவன் மரியாதைக்கு ஆமாங்கறான். நெசமா முடியாதவ ஆமான்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவாங்கன்னு பயந்துட்டு மறைப்பா. ஊடு ஊடாப் போயி முப்பத்தாறு வருசம் கேட்ட கேள்விங்க இது. இல்லீங்கறதுக்கு நடுவால மூச்சு எப்படி அறுந்து அறுந்து வந்துச்சுன்னு கேக்கலையா நீங்க?"

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார். செல்லாயியின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அட்டை பிடித்த இடது கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"செல்லாயி, கண்ணு, எப்ப இருந்து?"

"விடிஞ்சதுல இருந்துங்க நர்சம்மா" என்றாள் அவள். அட்டை விழுந்தது.

வேனில் நோயாளியை ஏற்ற இன்ஷூரன்ஸ் இடம் தராது என்று ப்ராண்டன் தாளைப் புரட்டினான். அவன் மூன்றாம் பக்கத்துக்கு வருவதற்குள் அமுதவல்லி பிரஷ் பெட்டிகளை வெளியே வீசி, செல்லாயியைப் படுக்க வைத்து, வாயில் ஆஸ்பிரினைப் போட்டு மென்று விழுங்கச் சொல்லிவிட்டார். டிரைவர் அறிவு உள்ளூர்ப் பையன். அவர் கையில் பிறந்தவன். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு அவன் ஓட்டிய ஓட்டத்தில் காவிரிப் பாலம் வேனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. மாரடைப்புதான். இன்னும் அரை மணி போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள்.

மூன்றாம் நாள் வழியனுப்பு விழா. ஊரே பள்ளிக்கூட மைதானத்தில் கூடியிருந்தது. ப்ராண்டன் மைக்கைப் பிடித்தான். தங்கள் குழுவின் பதினெட்டுக் கேள்விப் பரிசோதனை ஓர் உயிரைக் காப்பாற்றியதாகவும், இந்த எளிய மக்களின் கண்களில் தெரியும் நன்றியைத் தான் மறக்கப் போவதில்லை என்றும் இங்கிலீஷில் உருகினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மொழிபெயர்க்கச் சொல்லி மைக்கைச் சூசைமாணிக்கத்திடம் நீட்டினான்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். முன்வரிசையில் இருந்த அமுதவல்லியைப் பார்த்தார்.

"தம்பி என்னமோ சொல்றாருங்க, அதை உடுங்க. அன்னிக்கு அந்த அம்மணியைப் பார்த்துச் சிரிச்சவன் நான்தான். பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். செல்லாயியை ஏத்தச் சொன்னப்ப அவங்க கண்ணைத் தொறக்கவே இல்லீங்க. நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேனுங்க."